திரும்பி வந்த சம்படம்

எங்கள் திருநின்றவூரில் ராத்திரி எட்டரை மணிக்கு மேல் ஒரு சத்தம் கேட்கும். சென்ட்ரலிலிருந்து வரும் மின்சார ரயிலைச் சொல்லவில்லை. அது பழகிப் போன சங்கதி. நான் சொல்வது, எதிர் வீட்டுச் சமையலறையில் எவர்சில்வர் சம்படத்தைத் திறந்து அதன் மூடியை மேடைமேல் 'ணங்' என்று வைக்கும் சத்தம். அந்த 'ணங்'கின் அழுத்தத்தைக் கொண்டே, அன்றைக்கு அந்த வீட்டு மருமகள் ஆபீஸில் சாப்பிட்டாளா, இல்லையா என்று எங்கள் வாசலில் உட்கார்ந்தபடியே சொல்லிவிடலாம்.

சென்ற மாதத்தில் ஒரு நாள் மிகவும் பலமான 'ணங்'. ஐந்தாவது நிமிஷம் மாமியார் அம்மாள் சம்படமும் கையுமாக எங்கள் வாசலில் வந்து நின்றாள்.

"அக்கா, இந்த அநியாயத்தை நீங்களே பாருங்க! காலையில நாலரை மணிக்கு எழுந்து வத்தக் குழம்பும் கூட்டும் பண்ணிக் கொடுத்தேன். நாலு வாய் கூட எடுக்கல. என் சமையல் பிடிக்கலேன்னா வாயைத் திறந்து சொல்லலாமில்லே?"

பார்த்தேன். நாலு வாய்கூட எடுக்கவில்லை என்பது கொஞ்சம் மிகை. ஓர் ஓரத்தில் ஐந்தாறு கவளம் போயிருந்தது. மற்றதெல்லாம் காலையில் வைத்தது வைத்தபடி, ஓரம் காய்ந்து, அப்பளம் நமத்துப் போய்க் கிடந்தது. சமைத்துக் கொடுக்கும் கைக்கு இதைவிடப் பெரிய அவமானம் வேறென்ன இருக்கிறது, சொல்லுங்கள்! சம்படம் திரும்பி வந்த வீட்டில் அன்று ராத்திரி சமாதானம் இருக்காது என்பது நம் எல்லோருக்கும் தெரிந்த விஷயம்தான். நானும் அந்த அம்மாளுக்குப் பரிந்துதான் நாலு வார்த்தை சொல்லி அனுப்பினேன்.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. அந்தப் பெண்ணே கறிவேப்பிலை கேட்கிற சாக்கில் எங்கள் வீட்டுக்கு வந்தாள். முப்பத்தாறு வயது. இரண்டு குழந்தைகள். காலை ஏழு மணிச் சுமாருக்கு ரயிலைப் பிடித்து, ஏறக்குறைய ஒரு மணி நேரம் பிரயாணம் செய்து, அப்புறம் ஒரு பஸ்ஸும் ஏறி, மவுண்ட் ரோடு பக்கத்தில் ஓர் ஆபீஸுக்குப் போகிறவள். நான் நேராகவே கேட்டுவிட்டேன்.

"ஏன் அம்மா, அத்தை கை சமையலில் என்ன குறை?"

"ஒரு குறையும் இல்லே பெரியம்மா. சாப்பிட நேரம் இருந்தாத்தானே? சரியா ஒரு மணிக்கு மீட்டிங் வைப்பாங்க. அது முடியறப்போ ரெண்டு மணி. ரெண்டே காலுக்கு டப்பாவைத் திறந்தா போன் வரும். ஒரு கையிலே ஸ்பூன், ஒரு கையிலே மவுஸ். நாலு வாய் போட்டதும் பசியே அடங்கிப் போயிடும். அப்புறம் நாலரை மணிக்கு டீயும் சமோசாவும்."

"சாப்பிடப் போகாதே என்று யாராவது தடுத்தார்களா?"

"தடுத்தாக்கூடச் சண்டை போடலாமே! யாரும் ஒண்ணும் சொல்லலே. எல்லாரும் மேஜையிலேயேதான் சாப்பிடறாங்க. நான் மட்டும் எழுந்து போனா நல்லாவா இருக்கும்? ஏற்கனவே, ஆறு மணி அடிச்சா ரயிலுக்கு ஓடறவள்னு எனக்கு ஒரு பேரு."

"இதை உன் அத்தையிடம் சொல்லிவிட வேண்டியதுதானே?"

அவள் கறிவேப்பிலையை ஒவ்வோர் இலையாக உருவிக்கொண்டே சொன்னாள்: "சொன்னா, 'அவ்வளவு கஷ்டப்பட்டு ஏன் போகணும், வேலையை விட்டுடு'ம்பாங்க. சமையல் பிடிக்கலேன்னு நினைச்சுக்கிட்டா நினைச்சுக்கட்டும்."

எனக்குச் சுருக்கென்றது. மேலும் விசாரித்ததில் இன்னொன்றும் வெளியே வந்தது. தலைவலி ஓயவில்லை என்று டாக்டரிடம் போயிருக்கிறாள். அவர் ரத்தம் சோதித்துவிட்டு, சர்க்கரை நோய் இன்னும் வரவில்லை, ஆனால் வாசற்படியில் நிற்கிறது என்று சொல்லியிருக்கிறார். மத்தியானம் சாப்பிடாததால்தான் சர்க்கரை வந்தது என்று அவர் சொல்லவில்லை. அவள் அப்பாவுக்கும் உண்டு. ஆனால், "பகலில் பட்டினியும் ராத்திரியில் விருந்துமாக இருந்தால் எந்த மருந்து அம்மா கேட்கும்?" என்று கேட்டிருக்கிறார்.

இது எதிர் வீட்டுச் சங்கதி மட்டும் என்றால் நான் இந்தப் பக்கத்தில் எழுதியிருக்கவே மாட்டேன். எங்கள் ஊர் ஸ்டேஷனில் காலையில் லேடீஸ் பெட்டிக்கு எதிரே நின்று பாருங்கள். தோளில் ஒரு பை, அந்தப் பைக்குள் இன்னொரு சின்னப் பை, அதில் சாப்பாடு. ஆவடியில் கொஞ்சம் பேர் இறங்குவார்கள், அம்பத்தூரில் நிறையப் பேர், மற்றவர்கள் சென்ட்ரல் வரை. சாயங்காலம் அதே பைகள் திரும்பி வரும்போது எத்தனை பாரம் குறைந்திருக்கிறது என்று யார் எடை போட்டுப் பார்க்கிறார்கள்?

எங்கள் ரயில் வில்லிவாக்கத்தைத் தாண்டிப் பெரம்பூர், வியாசர்பாடி என்று போகிறது அல்லவா? பெரம்பூருக்கு அந்தப் பக்கம், பட்டாளத்தை ஒட்டி, ஒரு காலத்தில் பக்கிங்ஹாம் – கர்நாட்டிக் மில்கள் இருந்தன. பின்னி ஆலை என்றால் பெரியவர்களுக்குச் சட்டென்று விளங்கும். அந்த ஆலைகள் மூடிப் பல வருஷங்கள் ஆகிவிட்டன. ஆனால் அங்கே 1918-ல் நடந்த ஒரு காரியத்தை, அந்த வழியாகத் தினமும் சாப்பாட்டுப் பையோடு போகிற பெண்கள் தெரிந்துகொள்ள வேண்டும்.

அந்தக் காலத்தில் துணி ஆலைகளில் ஆண் தொழிலாளர்களிடம் நாளொன்றுக்குப் பன்னிரண்டு மணி நேரம் வரை வேலை வாங்கச் சட்டமே இடம் கொடுத்தது. நடுவில் சாப்பிட அரை மணி. அரை மணி போதாதா என்று தோன்றும். ஆயிரக்கணக்கானவர்கள் ஒரே சங்குக்கு எழுந்து, வெளியே வந்து, கை கழுவி, மூட்டையைப் பிரித்து, விழுங்கி, மறுபடி கை கழுவி, அடுத்த சங்குக்குள் இயந்திரத்தின் முன்னால் நிற்க வேண்டும் என்றால் அரை மணி எப்படிக் காணும்? அந்தப் பக்கத்தில் கடை வைத்திருந்த செல்வபதி செட்டியார், ராமானுஜலு நாயுடு என்ற இருவரிடமும், சாமான் வாங்க வரும் தொழிலாளர்கள் இந்தக் குறையைச் சொல்லிச் சொல்லி அழுவார்கள். இருவரும் அங்கே ஒரு பஜனை சபை நடத்தி வந்தவர்கள். பக்தி செய்தால் போதும் என்று அவர்கள் சும்மா இருந்துவிடவில்லை. அன்னி பெசன்ட் அம்மையாரோடு 'நியூ இந்தியா' பத்திரிகையில் வேலை பார்த்த பி. பி. வாடியாவிடம் போய் முறையிட்டார்கள். அவர் வந்து பார்த்தார், பேசினார். 1918-ஆம் வருஷம் ஏப்ரல் 27-ஆம் தேதி சென்னைத் தொழிலாளர் சங்கம் பிறந்தது. வாடியா தலைவர். அப்போது 'தேசபக்தன்' ஆசிரியராக இருந்த திரு. வி. க. துணைத் தலைவர்களில் ஒருவர். இந்தியாவில் முறையாக அமைந்த முதல் தொழிற்சங்கம் என்று சரித்திரம் எழுதுகிறவர்கள் அதைத்தான் சொல்லுகிறார்கள்.

அந்தச் சங்கம் எழுப்பிய முதல் குறைகளில் ஒன்று என்ன தெரியுமா? சாப்பாட்டு நேரம் போதவில்லை என்பது! இன்னும் சில நிமிஷம் கொடுங்கள், சோற்றை மென்று சாப்பிடுகிறோம் என்று கேட்டார்கள். கூலி, அடி உதை, வேலை நீக்கம் என்று எத்தனையோ துயரங்கள் இருந்தன. அவற்றுக்காகப் பிற்பாடு பெரிய போராட்டங்களும் நடந்தன. ஆனாலும் வாசலில் முதலில் வந்து நின்றவற்றில் ஒன்று இந்த மத்தியானச் சாப்பாடு.

அதே சமயத்தில் கடலுக்கு அப்பால் இங்கிலாந்தில் வேறொரு விதமாக இதே பாடம் நடந்துகொண்டிருந்தது. முதல் உலக யுத்தம். குண்டுகள் வேண்டும், குண்டுகள் வேண்டும் என்று ஆயுதத் தொழிற்சாலைகளில் பெண்களை ராப்பகலாக வேலை வாங்கினார்கள். பார்த்தால், வேலை நேரம் ஏற ஏறக் குண்டு கூடவில்லை. நோயும் விபத்துந்தான் கூடின. 1915-ல் அரசாங்கமே ஒரு குழு வைத்து ஆராயச் சொன்னது. வெர்னன் என்ற உடலியல் நிபுணர் தொழிற்சாலைகளில் உட்கார்ந்து, யார் எத்தனை மணி நேரம் வேலை செய்தார்கள், எத்தனை உருப்படி செய்து முடித்தார்கள் என்று வாரக் கணக்கில் குறித்துக்கொண்டார். வாரத்தில் வேலை நேரத்தைக் குறைத்த பிறகு, ஒரு மணிக்கு எவ்வளவு என்பது மட்டுமல்ல, வாரத்தின் மொத்த உற்பத்தியே அதிகமானதை அவர் கண்டார். அந்தக் குழுவின் யோசனைப்படி ஆலைகளில் சூடாகச் சாப்பாடு கிடைக்கும் காண்டீன்கள் நிறைய ஏற்பட்டன. குண்டு செய்வதற்காகச் சோறு போட்டார்கள் என்றால் கேட்கக் கஷ்டமாகத்தான் இருக்கிறது. ஆனால் வயிறு காய்ந்தால் கை ஓடாது என்பதைக் கணக்குப் போட்டே ஒப்புக்கொண்டார்கள்.

கணக்கு என்றதும் என் சொந்த அனுபவம் ஒன்று ஞாபகம் வருகிறது. நானும் முப்பது வருஷம் ஓர் ஆபீஸில் கணக்கெழுதியவள். எந்த ஆபீஸ் என்பது இங்கே வேண்டாம். வருஷக் கடைசி, மார்ச் மாதம். மத்தியானம் சாப்பிடாமல் முடித்துவிட்டால் சாயங்காலம் சீக்கிரம் கிளம்பலாம் என்று புத்திசாலித்தனமாக ஒரு யோசனை செய்தேன். மூன்று மணிக்குக் கூட்டிப் பார்த்தால் 270 ரூபாய் உதைக்கிறது. எங்கே போயிற்று 270? தேடு தேடு என்று தேடினேன். கணக்கு எழுதுகிறவர்களுக்கு ஒரு பழைய சூத்திரம் உண்டு: வித்தியாசம் ஒன்பதால் வகுபட்டால், எங்கேயோ இரண்டு இலக்கங்கள் இடம் மாறியிருக்கக் கூடும். அது எனக்கு நன்றாகத் தெரியும். ஆனால் அன்றைக்கு ஞாபகத்துக்கு வந்தால்தானே! ராத்திரி ஏழரை மணிக்கு, பக்கத்து மேஜைக்காரர் கொடுத்த இரண்டு பிஸ்கட்டைத் தின்ற பிறகு வந்தது. 5,960 என்பதை 5,690 என்று எழுதியிருந்தேன். மிச்சம் பிடித்த அரை மணிக்கு நான் கட்டிய வட்டி நாலரை மணி நேரம்.

உடம்பு நம் மேனேஜர் சொல்வதைக் கேட்டு நடப்பதில்லை. மத்தியானம் ஒன்றிலிருந்து மூன்று மணிக்குள் மனிதனுக்குச் சுபாவமாகவே ஒரு சோர்வு வருகிறது. சாப்பிட்டதால் மட்டும் வருவது என்று நினைத்துக்கொண்டிருந்தோம். 'உண்ட மயக்கம் தொண்டனுக்கும் உண்டு' என்று பழமொழியும் வைத்திருக்கிறோம். ஆனால் சாப்பிடாமல் இருப்பவனுக்கும் அந்த நேரத்தில் விழிப்பு இறங்கத்தான் செய்கிறது. உடம்புக்குள் ஓடும் நாள் கடிகாரம் அப்படி. வயிறு முட்டச் சோறு சாப்பிட்டால் சோர்வு அதிகமாகும். பட்டினி கிடந்தால் சோர்வோடு எரிச்சலும் சேர்ந்துகொள்ளும். அளவாகச் சாப்பிட்டுவிட்டுப் பத்து நிமிஷம் நடந்து வந்தால் லேசாகும். சாப்பிட்ட பின் கொஞ்ச தூரம் நடப்பது ரத்தத்தில் சர்க்கரை சட்டென்று ஏறாமல் பிடித்து வைக்கிறது என்பதும் ஆராய்ந்து கண்ட உண்மைதான். இரண்டு, மூன்று நிமிஷ நடைக்குக்கூடப் பலன் உண்டு.

அவசர அவசரமாக விழுங்குவதில் இன்னொரு சங்கடம். வயிறு நிறைந்தது என்ற செய்தி மூளைக்கு எட்டச் சுமார் இருபது நிமிஷம் ஆகிறது. ஐந்து நிமிஷத்தில் சாப்பிட்டு முடிக்கிறவர் வேண்டியதற்கு மேலேயே சாப்பிட்டுவிடுவார். வேகமாகச் சாப்பிடுகிறவர்களுக்கு உடம்பு பருப்பதும், அதைத் தொடர்ந்த உபத்திரவங்களும் அதிகம் என்று ஜப்பானில் பல ஆராய்ச்சிகள் காட்டியிருக்கின்றன. 'நொறுங்கத் தின்றால் நூறு வயது' என்று சொன்ன பாட்டிக்கு ஜப்பான் எங்கே இருக்கிறது என்றுகூடத் தெரியாது, பாவம்!

மத்தியானம் சாப்பிடாமல் விட்டது எங்கேயும் போய்விடுவதில்லை. சாயங்காலம் ஸ்டேஷன் வாசலில் பஜ்ஜியாகவும், ராத்திரி பத்து மணிக்கு இரண்டு தட்டுச் சோறாகவும் திரும்பி வருகிறது. ஒரே சாதத்தைப் பகலில் சாப்பிடுவதற்கும் படுக்கப் போகும் நேரத்தில் சாப்பிடுவதற்கும் உடம்பு ஒரே மாதிரி மரியாதை செய்வதில்லை. ராத்திரியில் சர்க்கரை அதிகம் ஏறுகிறது. நம் தேசத்தில் 10.1 கோடிப் பேருக்குச் சர்க்கரை நோய் என்றும், இன்னும் 13.6 கோடிப் பேர் அதன் வாசற்படியில் நிற்கிறார்கள் என்றும் 2023-ல் வெளிவந்த இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆய்வு சொல்கிறது. அந்த ஆய்வை முன்னின்று நடத்தியது நம் சென்னையிலுள்ள நீரிழிவு ஆராய்ச்சி நிறுவனம் ஒன்றுதான். எதிர் வீட்டுப் பெண் நிற்கும் வாசற்படியில் கூட்டம் எவ்வளவு, பார்த்தீர்களா?

பெண்களுக்கு இதில் தனியாக ஒரு கஷ்டமும் உண்டு. கழிப்பறை சுத்தமாக இராது, ரயிலில் வசதி கிடையாது என்று நினைத்து, காலையிலிருந்தே தண்ணீர் குடிக்க மாட்டார்கள். தலைவலிக்கும் நீர்க்கடுப்புக்கும் அதுவே போதும். இதைப் பற்றி வாய்விட்டுப் பேச நமக்குக் கூச்சம். அந்தக் கூச்சத்தினால் நஷ்டம் யாருக்கு?

எங்கள் ஊருக்கு வந்தவர்கள் பக்தவத்ஸலப் பெருமாளைச் சேவித்துவிட்டு இருதயாலீசுவரர் சந்நிதிக்கும் போகாமல் திரும்ப மாட்டார்கள். கையில் காசில்லாமல் மனத்துக்குள்ளேயே கல் கல்லாக அடுக்கிக் கோயில் கட்டிய பூசலார் நாயனாரின் ஊர் இது. அந்தப் பெயரின் விசேஷத்தால் இருதய நோயாளிகளும் அவர்களைச் சேர்ந்தவர்களும் எங்கிருந்தெல்லாமோ வந்து வேண்டிக்கொள்கிறார்கள். வாரத்துக்கு 55 மணி நேரமும் அதற்கு மேலும் வேலை செய்கிறவர்களுக்கு இருதய நோயும் பக்கவாதமும் அதிகம் வருகின்றன என்றும், 2016-ஆம் வருஷத்தில் மட்டும் உலகத்தில் சுமார் 7,45,000 பேர் இப்படி மாண்டார்கள் என்றும் உலக சுகாதார நிறுவனமும் சர்வதேசத் தொழிலாளர் நிறுவனமும் 2021-ல் கணக்கிட்டுச் சொல்லின. சந்நிதியில் நிற்கும்போது எனக்கு அந்தக் கணக்கு ஞாபகம் வரும். பூசலார் மனத்துக்குள்ளேயே கோயில் கட்டினார், சரி. மனத்துக்குள்ளேயே சாப்பிட யாராலும் முடியாதே!

சட்டம் என்ன சொல்கிறது என்று கேட்பீர்கள். 1947-லேயே நம் மாகாணத்தில் கடைகளுக்கும் வணிக நிறுவனங்களுக்கும் ஒரு சட்டம் வந்துவிட்டது. சேர்ந்தாற்போல் நாலு மணி நேரத்துக்கு மேல் யாரிடமும் வேலை வாங்கக் கூடாது, குறைந்தது ஒரு மணி நேரமாவது ஓய்வு விட வேண்டும் என்று அதில் எழுதியிருக்கிறது. ஒரு மணி நேரம்! படித்துவிட்டு நானே இரண்டு தடவை கண்ணைத் துடைத்துக்கொண்டேன். தொழிற்சாலைகளுக்கு 1948-ல் வந்த சட்டம், ஐந்து மணி நேரத்துக்குள் அரை மணி என்று வைத்தது. 250 பேருக்கு மேல் இருந்தால் காண்டீன், 150 பேருக்கு மேல் இருந்தால் உட்கார்ந்து சாப்பிட ஓர் அறை என்றும் சொன்னது. ஆவடி, அம்பத்தூர்ப் பக்கங்களில் பெரிய தொழிற்சாலைகள் எழுந்தபோது சங்கும் காண்டீனும் சேர்ந்தே வந்தன. கடைகளில் நாள் முழுவதும் நின்றே புடவை விரித்துக் காட்டும் பெண்கள் உட்கார ஆசனம் போட வேண்டும் என்று 2021-ல் நம் சட்டசபை ஒரு திருத்தம் செய்தது. உட்காருவதற்கே சட்டம் வேண்டியிருந்தது!

குழந்தைகளின் சாப்பாட்டில் நம் ஊரை மிஞ்ச ஆள் கிடையாது. ஆயிரம் விளக்குப் பள்ளியில் 1920-ல் சென்னை நகராண்மைக் கழகம் மத்தியானச் சோறு போட ஆரம்பித்தது. பிறகு காமராஜர் அதை மாகாணமெங்கும் பரப்பினார். 1982-ல் எம். ஜி. ஆர். சத்துணவாக்கினார். 2022-லிருந்து காலைச் சிற்றுண்டியும் வந்துவிட்டது. எதிர் வீட்டுக் குழந்தை பள்ளியில் சாப்பிட்டதா என்று கேட்க டீச்சர், ஆயா, அம்மா, பாட்டி என்று இத்தனை பேர் இருக்கிறார்கள். அதன் அம்மா சாப்பிட்டாளா என்று சம்படத்தைத் தவிர வேறு யாரும் சாட்சி சொல்வதில்லை.

அன்றைக்கு ஆலைக்காரர் தர மறுத்தார், தொழிலாளி கேட்டு வாங்கினான். இன்றைக்கு யாரும் பிடுங்காமலே நாம் கொடுத்துவிடுகிறோம். சங்கு ஊதுகிற இடத்தில் அதற்கு ஒரு கட்டாயம் இருந்தது. எல்லோரும் ஒரே சமயத்தில் எழுந்தாக வேண்டும். கம்ப்யூட்டருக்குச் சங்கு கிடையாது. முதலில் எழுந்திருப்பவர் யார் என்று எல்லோரும் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்கள். ஆகவே அந்தப் பெண்ணுக்கு நான் சொன்ன யோசனை ஒன்றே ஒன்றுதான்: தனியாக எழுந்திருக்காதே, இரண்டு பேரைச் சேர்த்துக்கொண்டு எழுந்திரு. பெரிய அதிகாரி எழுந்து சாப்பிடப் போகிற ஆபீஸாக இருந்தால் இந்த யோசனையே தேவையில்லை. மேஜையிலேயே சாப்பிடும் அதிகாரிகள் இந்தப் பத்திரிகையைப் படிப்பார்களோ என்னவோ. அவர்கள் வீட்டில் நிச்சயம் யாராவது படிப்பார்கள்.

மாமியார் அம்மாளிடம் பேசுவதுதான் கஷ்டமாக இருந்தது. ஒருத்தி நம்பிச் சொன்னதை இன்னொருத்தியிடம் போய்க் கொட்டலாமா என்று இரண்டு நாள் யோசித்தேன். கடைசியில் அந்தப் பெண்ணிடமே, "நீ சொல்கிறாயா, நான் சொல்லட்டுமா?" என்று கேட்டேன். "நீங்களே சொல்லுங்க, ஆனா வேலையை விடற பேச்சு மட்டும் வரக் கூடாது" என்றாள்.

நான் சொன்னதும் அந்த அம்மாள் வெகு நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு, "நான் நெசவு மில்லுல வேலை பார்த்தவரோட பொண்ணு அக்கா. எங்க அப்பாவுக்குச் சோத்துத் தூக்கு எடுத்துக்கிட்டு ஓடியிருக்கேன். சங்கு ஊதறதுக்குள்ள போகலேன்னா அவர் பட்டினி" என்றாள். எனக்குத் தெரியாத சங்கதி. வேலையை விடச் சொல்லும் பேச்சு வரவே இல்லை. "அப்ப டப்பாவைத்தான் மாத்தணும்" என்று எழுந்துவிட்டாள்.

மாற்றியும் விட்டாள். அவளிடம் நான் கற்றுக்கொண்டதைச் சொல்கிறேன். வத்தக் குழம்பு, அப்பளம், கூட்டு என்று பிசைந்து சாப்பிடும் சமையல் இப்போது ஞாயிற்றுக்கிழமைக்குப் போய்விட்டது. வேலை நாளில் கலந்த சாதம், பழைய அளவில் பாதிதான். அதே அளவு காய். கூடவே சுண்டலோ, முட்டையோ, கெட்டியான பருப்போ ஒன்று. காயையும் சுண்டலையும் முதலில் சாப்பிட்டுவிட்டுச் சாதத்துக்குப் போனால் சர்க்கரை மெதுவாக ஏறும் என்று டாக்டர் சொன்னதால், அவை மேல் தட்டில். சாதம் கீழ்த் தட்டில். மேல் தட்டைக் காலி செய்யாமல் கீழே போக முடியாது. மாமியார் மூளையே மூளை!

தயிர் சாதத்துக்குத் தயிரைக் கொட்டிப் பிசைந்து அனுப்பினால் மத்தியானம் புளித்து முகம் சுளிக்க வைக்கும். காலையில் சாதத்தைக் குழைத்து, பாலை ஊற்றி, ஒரே ஒரு ஸ்பூன் தயிரை விட்டுக் கலந்தால் ஒரு மணிக்குப் பதமாக இருக்கும் என்பது உங்களுக்குத் தெரியாததா? ஆனால் சுடச்சுடச் சாதத்தைச் சம்படத்தில் அடைத்து உடனே மூடுவது மட்டும் கூடாது. உள்ளே வியர்த்து, வெதுவெதுப்பாகவே பல மணி நேரம் இருக்கும். சமைத்த பிறகும் சாகாமல் சாதத்தில் தங்கியிருக்கும் ஒரு வகைக் கிருமிக்கு அந்த வெதுவெதுப்பு மிகவும் உகந்தது. வாந்தியும் வயிற்றுப்போக்குமாகக் கொண்டுவிடும். தாம்பாளத்தில் பரப்பி ஆறவிட்டுப் பிறகு கட்ட வேண்டும். புளியோதரையும் எலுமிச்சஞ் சாதமும் பிரயாணத்துக்குத் தாங்குவது அவற்றிலுள்ள புளிப்பினால்தான். தேங்காய்ச் சாதத்தை வெயில் காலத்தில் அனுப்பவே வேண்டாம்.

ஆபீஸில் இப்போது மூன்று பெண்கள் ஒரு மணி பத்து நிமிஷத்துக்குச் சேர்ந்து எழுந்திருக்கிறார்களாம். மாடியில் பழைய காகிதக் கட்டுகள் கிடந்த ஓர் அறையை ஒழித்து, நாற்காலி போட்டுக்கொண்டார்களாம். போன வாரம் நாலாவதாக ஓர் ஆண் பிள்ளையும் டப்பாவோடு வந்து, "நானும் இங்கே உட்காரலாமா?" என்று கேட்டானாம். சாப்பிட்ட பிறகு இரண்டு மாடி இறங்கித் தெருமுனை வரை போய்த் திரும்புகிறார்கள். இவர்கள் எழுந்து போனதால் ஆபீஸ் ஒன்றும் இடிந்து விழவில்லை. ரத்தப் பரிசோதனை மூன்று மாதம் கழித்து மறுபடி செய்ய வேண்டும். அதுவரை டாக்டர் மருந்து எழுதவில்லை.

செவ்வாய்க்கிழமை மட்டும் அந்த ஒரு மணி மீட்டிங் இன்னும் நிற்கவில்லை. அதை மாற்றச் சொல்லி மூன்று பேரும் கையெழுத்துப் போட்டு ஒரு கடிதம் எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். பதில் வரவில்லை. நேற்றுச் செவ்வாய்க்கிழமை. ராத்திரி எட்டே முக்காலுக்கு எதிர் வீட்டில் 'ணங்' என்று கேட்டது. ஆனால் மாமியார் அம்மாள் எங்கள் வாசலுக்கு வரவில்லை. அடுப்புப் பற்ற வைக்கும் சத்தம் கேட்டது. கொஞ்ச நேரத்தில் தோசை வார்க்கும் வாசனை வந்தது.